பஞ்சராகாத ராஃப்ட்

என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "அக்கா, நீங்க நல்லபடியா நடத்தின ட்ரிப்பப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நல்லபடியாக நடந்த ட்ரிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. காலையில் பஸ் கிளம்பியது, சாயங்காலம் பஸ் திரும்பியது, நடுவில் யாரோ வாந்தி எடுத்தார்கள். மேலகரத்தில் நம் டிராவல்ஸின் அந்தச் சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து நான் போட்ட பயணத் திட்டங்களில் முக்கால்வாசி அப்படித்தான் முடிந்தன. அவை எனக்கே ஞாபகம் இல்லை. மறக்காமல் இருப்பது ஒன்றுதான். அதில் நான் இரண்டு பொய் சொன்னேன். இரண்டையும் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். வினையே அங்குதான் ஆரம்பித்தது.

வந்தவர்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வருஷம் பத்தாம் வகுப்பு முடித்த பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் ஐம்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். பாதிப் பேர் போலீஸ், ராணுவம். மீதிப் பேர் வங்கி, மருந்துக்கடை, கூட்டுறவு சங்கம். நாற்பது வருஷம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, மூன்று மாதம் குட்மார்னிங் சொல்லிச் சலித்துப்போய், நேரில் சந்திப்பது என்று முடிவு செய்திருந்தார்கள்.

குழுவுக்குத் தலைவர் பண்பொழிக்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் சுபேதார் அண்ணாச்சி என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் போனில் சொன்ன பட்டியல் இது: காடு பார்க்க வேண்டும். ஆற்றில் ராஃப்டிங் போக வேண்டும். ஜிப்லைனில் தொங்க வேண்டும். குற்றாலத்தில் குளிக்க வேண்டும். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட வேண்டும். இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எல்லாம் ஒரே நாளில்.

முடியாத காரியம் இல்லை. வரிசை சரியாக இருந்தால் முடியும். நான் போட்ட திட்டத்தில் காலை ஐந்தரைக்குத் தென்காசியில் பஸ் கிளம்பும். புளியரை வழியாகக் கணவாயைத் தாண்டி எட்டு மணிக்குள் கேரளப் பக்கத்து ஆற்றங்கரை. ராஃப்டிங் முடிந்ததும் ஜிப்லைன். மதியச் சாப்பாடு அங்கேயே. திரும்பும் வழியில் பரோட்டா, கடைசியாக அருவிக் குளியல். சாரல் மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் காலையில் ஓடும் ஆறு வேறு, மதிய மழைக்குப் பிறகு ஓடும் ஆறு வேறு. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர்கள் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. மறுநாள் சுபேதார் அண்ணாச்சி போன் செய்தார்.

"தங்கச்சி, பயலுவ எல்லாரும் மொதல்ல அருவியில குளிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கானுவ. குளிச்சா பசிக்கும், பரோட்டாவ முடிச்சிட்டு ஆத்துக்குப் போயிருவோம். கொஞ்சம் மாத்திப் போட்டுத் தாங்க."

மாற்றக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் மாற்றக்கூடாது என்றும் தெரியும். அன்று காலையில்தான் எங்கள் முதலாளி, "அவங்கள்லாம் பெரிய எடத்துல இருக்கவங்க, எதுக்கும் முடியாதுன்னு மட்டும் சொல்லிராத" என்று சொல்லியிருந்தார். நான் "சரி அண்ணாச்சி" என்றேன். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படத்தையும் அனுப்பினேன்.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். என் நெருக்கடி ஆற்றங்கரையில் தொடங்கவில்லை. நாலு நாள் முன்னால், மின்விசிறிக்கு அடியில், கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தபோது வந்து போய்விட்டது. நான் கவனிக்கவில்லை.

அந்த நாள் குற்றாலம் எப்படி இருந்தது என்று சொன்னால் பொறாமைப்படுவீர்கள். வெயிலும் சாரலும் மாறி மாறி வந்தன. ஐந்தருவியில் ஐந்து பிரிவிலும் தண்ணீர். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் குளித்தார்கள். வெளியே வந்த ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்து, "கிளைமேட் சூப்பர் மேடம்" என்று என்னைப் பாராட்டினார்கள். வானத்தை நான்தான் ஏற்பாடு செய்ததுபோல நானும் சிரித்தேன். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கிற மழையின் மிச்சம்தான் இங்கே நம் முகத்தில் பூப்போல விழுகிறது என்பதை அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

பரோட்டா முடிந்து, புளியரை வளைவில் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுத்து, ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு ஐந்து.

அது ஒரு தனியார் ரப்பர் எஸ்டேட். பெயர் வேண்டாம். நடுவில் ஆறு. இந்தக் கரையில் இரண்டு ராஃப்டுகள். கொஞ்சம் மேலே மரத்தில் கட்டிய மேடையிலிருந்து ஜிப்லைன் கம்பி ஆற்றைத் தாண்டி அந்தக் கரைக்குப் போகும். தொங்கிப் போனவர்கள் கீழே இருக்கும் தரைப்பாலத்தில் நடந்து திரும்பி வர வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பாக ஒரு கைடு இருந்தார். அந்த எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் என்று யாரையாவது சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன். அவருக்கு அது தெரியாது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சேச்சி, காலையில ஆறு கண்ணாடி மாதிரி இருந்நு. இப்போ பாரு. கலங்ஙிப் போச்சு. பச்ச இலயும் கொம்பும் வருது. மேல நல்ல மழ. மலவெள்ளம் வரும். எறக்க வேண்டா."

பின்னாலேயே சுபேதார் அண்ணாச்சி வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அவர் பலமாகச் சிரித்தார்.

"ஏலே, கேட்டியளாலே? மலவெள்ளம் வருதாம்! தங்கச்சி, பட்டாளத்துல எனக்குப் பாதி சேக்காளிமாரு மலையாளத்தான்தான். அவங்க பாஷையில வெள்ளம்னா தண்ணி. மலைத்தண்ணி வருதுன்னு சொல்லுதாரு. தண்ணி வந்தாத்தான ராஃப்ட் போவும்?"

பதினேழு பேரும் சிரித்தார்கள். மலவெள்ளம் என்றால் மலையிலிருந்து திடீரென்று இறங்கும் காட்டாறு என்று கைடு விளக்க வாயெடுத்தார். அதற்குள் அவர்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டப் போய்விட்டார்கள்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம். ஆறு ஏறுகிறது, இறங்க முடியாது. சொல்ல வாய் வரவில்லை. பதினெட்டு ஆண்கள், அதில் ஒருவர் பதவியில் இருக்கும் இன்ஸ்பெக்டர். நான் ராயகிரியில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்து, கல்யாணமாகி மேலகரம் வந்து, போன் எடுக்கும் வேலையில் சேர்ந்தவள். 'பொம்பள பயந்துட்டா' என்று சொல்லிவிடுவார்களோ என்ற நினைப்பு ஆற்றைவிடப் பெரிதாக முன்னால் நின்றது. அதனால் எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றிய காரியத்தைச் செய்தேன். கைடிடம், "ஒரு ராஃப்டுல வால்வத் திறந்துவிடுங்க, பஞ்சர்னு சொல்லிரலாம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு திறந்துவிட்டார்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி, ஒரு ராஃப்டுல காத்து நிக்கல. பஞ்சர். ரெண்டும் சேர்ந்துதான் எறக்கணும்கிறது இங்க ரூல்" என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னேன்.

சுபேதார் அண்ணாச்சியின் முகம் மலர்ந்ததை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

"பஞ்சரா?" என்றார். "தங்கச்சி, நா இருவத்தி நாலு வருசம் பட்டாளத்துல என்ன பண்ணேன்னு கேக்கவே இல்லியே நீங்க. பாலம் கட்டுற பிரிவு! ரப்பர் போட்டுலதான் எங்க பொழப்பே. தள்ளுங்கலே!"

முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ராஃப்டில் காதை வைத்துக் கேட்டார். எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். இரண்டே நிமிஷத்தில் வால்வைக் கண்டுபிடித்து முறுக்கினார். கால் பம்பைக் கொண்டுவரச் சொல்லி, வங்கி மேலாளரையும் கூட்டுறவு சங்கச் செயலாளரையும் மாறி மாறி மிதிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் ராஃப்ட் தவில்போல விறைத்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அதுவரை பரோட்டா மயக்கத்தில் இருந்தவர்கள், நாற்பது வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு வேலையைச் சேர்ந்து செய்து முடித்த சந்தோஷத்தில் இருந்தார்கள். இனி அந்த ராஃப்டில் ஏறாமல் அவர்களைத் தடுக்க யாராலும் முடியாது. கரையோரப் பாறை ஒன்று, நாங்கள் வந்தபோது முழுதாக வெளியே தெரிந்தது, இப்போது தலை மட்டும்தான் தெரிந்தது.

இதிலிருந்து எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாவது பொய்யைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, கைடுக்குத் தலைசுத்துதாம். அவர் இல்லாம எறக்க முடியாது."

கைடு பாவம், என் முகத்துக்காகத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உடனே கூட்டத்திலிருந்து மருந்துக்கடைக்காரர் வந்தார். கையில் ஒரு டப்பா. முப்பது வருஷமாக எங்கே போனாலும் அந்த டப்பா இல்லாமல் போனதில்லையாம். நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், இரண்டு மாத்திரையை விழுங்க வைத்தார். "அரை மணி நேரம் அசையப்படாது, படுங்க" என்று ரப்பர் ஷீட் காயவைக்கும் கொட்டகையில் ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் காவலுக்கும் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஆற்றை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளை நானே படுக்க வைத்துவிட்டேன். அதன் அர்த்தம் என்ன என்பது அடுத்த பத்தாவது நிமிஷத்தில், தலைக்கு மேலே ஒரு கூச்சல் போனபோதுதான் விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆற்றுக்கு மேலே கம்பியில் பறந்துகொண்டிருந்தார். ராஃப்ட் தாமதமாவதைப் பார்த்து நாலு பேர் மேடைக்கு ஏறியிருக்கிறார்கள். மேடையில் இருந்த இரண்டு தொழிலாளிகளும் வழக்கம்போல மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் கட்டிலில் இருந்தார். கடைசி ஆள்தான் இன்ஸ்பெக்டர். நாலு பேரும் அந்தக் கரையில் போய் இறங்கியாயிற்று. திரும்பி வர இருக்கும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது.

ஓடிப்போய் சுபேதார் அண்ணாச்சியின் முன்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, ராஃப்ட் பஞ்சர் ஆகல. வால்வத் திறந்துவிடச் சொன்னது நாந்தான். அவருக்குத் தலையும் சுத்தல. ஆறு ஏறுது. எனக்குப் பயமா இருந்துச்சு, அதச் சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். நாலு பேரு அந்தக் கரைக்குப் போயிட்டாங்க."

அவர் முகத்தில் கோபம் ஏறியது. "என்னய முட்டி போட வச்சு..." என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. திரும்பி ஆற்றைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்க்கிறார். அதுவரை அவர் ராஃப்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் நான் ராஃப்டைத்தான் காட்டியிருந்தேன். ஒவ்வொரு ஆறாகப் பாலம் போட்டு வாழ்ந்த மனுஷனிடம் ஆற்றைக் காட்டாமல் வால்வைக் காட்டிய ஒரே பயண ஏற்பாட்டாளர் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் விளிம்பில் குத்தினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குச்சியைத் தாண்டிப் போய் அதைச் சாய்த்தது. அடுத்த நொடி அவர் குரலே மாறிவிட்டது.

"எல்லாப் பயலும் மேல ஏறு! பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் போ! ராஃப்ட ரெண்டையும் இழுத்து மரத்துல கட்டு!"

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் கரையில் நாலு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே தரைப்பாலத்துக்கு வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் பேன்ட்டை முழங்காலுக்கு மடக்கிவிட்டு முதல் ஆளாகத் தண்ணீரில் கால் வைத்தார். கணுக்கால் அளவுதான் தண்ணீர். கத்தினோம். ஆற்றுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. கையை ஆட்டினோம். அவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள்.

சுபேதார் அண்ணாச்சி தன் லைஃப் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை எடுத்து, நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் ஊதினார். மறுபடியும் அதேபோல ஊதினார். இன்ஸ்பெக்டர் பாலத்தின் தொடக்கத்தில் அப்படியே விறைத்து நின்றார். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. மற்ற மூன்று பேரும் பின்னால் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய பி.டி. வாத்தியார் அப்படி ஊதினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். நிற்காதவனுக்கு என்ன நடக்கும் என்பதை உடம்பு நாற்பது வருஷமாக மறக்காமல் வைத்திருந்திருக்கிறது. அண்ணாச்சி கையால் 'பின்னால் போ' என்று காட்டினார். போனார்கள்.

பத்து நிமிஷம் கழித்து, வேரோடு பிடுங்கிய ஒரு மரம் வந்து தரைப்பாலத்தில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, அதைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் மெதுவாக ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

அந்த மரம் எனக்குச் செய்தது பெரிய உபகாரம். அது வராமல் இருந்திருந்தால் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நான் இன்றைக்கும் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் நீங்கள் மரம் வந்து காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டு 'வேண்டாம்' சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை ஆற்றில் இறங்கக்கூடாது என்று தடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லாத் தடவையும் ஆறு அதற்கப்புறம் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினேன்.

கைடு கட்டிலிலிருந்து எழுந்து வந்து, எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கொண்டு, மேல் பாலம் வழியாகச் சுற்றிப்போய் நாலு பேரையும் கூட்டி வந்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததால் வழியெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு ஓட்டினார் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்குள் அந்தக் கரையில் ரப்பர் பால் வெட்டும் ஒரு குடும்பம் நாலு பேரையும் வீட்டுக்குள் உட்கார வைத்து, மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் கொடுத்திருக்கிறது. திரும்பி வந்தவர்கள் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் கறியைப் பற்றியே பேசினார்கள். அது கிடைக்காத பதினாலு பேரும் என்னைக் குற்றவாளியைப்போலப் பார்த்தார்கள்.

கைடிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல சேச்சி" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு, "அடுத்த தடவ எனக்குத் தலை சுத்த வேண்டாம்" என்றார்.

திரும்பும்போது சுபேதார் அண்ணாச்சி பஸ்ஸில் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். புளியரையில் நம் பக்கத்துக் காற்று அடித்ததும் சொன்னார்.

"வால்வு தானா தொறக்காதுன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. எவனோ வெளயாண்டிருக்கான்னு நெனச்சேன். நீங்கன்னு நெனக்கல. ஆறு ஏறுதுன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, நானே மொத ஆளா வேண்டாம்னிருப்பேனே."

"அவர் சொன்னாரே அண்ணாச்சி. நீங்க சிரிச்சிய."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கோட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பதில் வந்தது.

"ஆமா. சொன்னான். நாந்தான் சிரிச்சேன்."

மறுநாள் முதலாளி திட்டினார். ராஃப்டிங் நடக்கவில்லை என்பதற்காகத்தான். குழுவிலிருந்து ஒருவர் இணையத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு, 'மீன் கறி அருமை, ராஃப்ட் பராமரிப்பு போதாது' என்று எழுதினார். என் பொய் அங்கே இன்றைக்கும் உண்மையாக இருக்கிறது. அந்த எஸ்டேட்டின் பெயரை நான் சொல்லாததற்கு அதுதான் காரணம். அவர்களுடைய ராஃப்டில் ஒரு குறையும் இல்லை.

அதற்கடுத்த வாரம் நம் பயணத் திட்டப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன். ஆற்றங்கரைக்கு வந்ததும், லைஃப் ஜாக்கெட் கொடுப்பதற்கு முன்னால், ராஃப்டைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால், 'ஆற்றைப் பார்த்தல் — பதினைந்து நிமிடம்'. விருந்தினர் எல்லோரும் கரையில் நிற்க வேண்டும். கைடு பேசுவார். நம் ஆள் பேசக்கூடாது. காலையில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் காட்டுவதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு முக்கால்வாசிப் பேர் நாம் சொல்வதற்கு முன்பே, "இன்னைக்கு வேண்டாம்ங்க" என்று சொல்லிவிடுவார்கள். பெரிய மனுஷர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் பழக்கதோஷத்தில் உங்கள் படிவங்களை வாங்கிப் பார்ப்பதுண்டு. போன மாதம் பார்த்தேன். அந்த வரி இருந்த இடத்தில் 'செல்ஃபி நேரம் — பதினைந்து நிமிடம்' என்று இருக்கிறது. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள். யார் மாற்றியது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பழைய வரியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போங்கள்.